மரநிழலில் ஒரு வாங்கு

ஓர் ஊரிலே வைத்தியசாலை இருக்கின்றது. அதன் கதவும் திறந்தே கிடக்கின்றது. ஆயினும் நோயாளர் உள்ளே நுழைகின்றாரில்லை. காரணம் யாது? தூரம் என்பார் சிலர். பணமின்மை என்பார் சிலர். வைத்தியர் போதாமை என்பார் வேறு சிலர். மூன்றும் மெய்யே. நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. அது சொல். உடம்பிலே நோவு கண்டால், நோவுகின்ற இடத்தை விரலாற் சுட்டிக் காட்டிவிடலாம். மனத்து நோவைச் சுட்டுவதற்குச் சொல்லையன்றி வேறு விரல் இல்லை. நோயாளர் வழங்கும் சொல்லும் வைத்தியர் வழங்கும் சொல்லும் ஒன்றையொன்று சந்தியாவிடின், கதவு திறந்திருந்தும் பயனில்லை. இதனை ஆபிரிக்க நகரம் ஒன்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியிருக்கின்றது. அவ்வரலாறு மொழி கற்பாரும் கற்பிப்பாரும் அறியத் தக்கது.

சிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரே. அந்நகரின் தென்பால் உள்ளது ம்பாரே என்னும் பழைய குடியிருப்பு. ஏழை மக்கள் நெருங்கி வாழும் இடம் அது. 2005 ஆம் ஆண்டிலே, அனுமதியின்றிக் கட்டியவற்றை அகற்றுகின்றோம் என்று சொல்லி, அந்நாட்டு அரசு நகரங்கள் தோறும் வீடுகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ தொழிலையோ இரண்டையுமோ இழந்தோர் ஏறத்தாழ 700,000 பேர் என ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கணித்தது. அந்நடவடிக்கைக்கு ஷோனா மொழியில் இட்ட பெயர் 'முரம்பட்ஸ்வினா'. அழுக்கை அகற்றுதல் என்பது அதன் பொருள். ஒருவன் குடியிருந்த வீட்டை அழுக்கு என்று அழைத்தபின், அவன் மனம் என்ன பாடுபடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்நாட்டில் அப்போது இருந்த மனநோய் வைத்தியர் பத்துப் பன்னிருவர் அளவினரே. அவருள் ஒருவர் டிக்சன் சிபண்டா. அவரிடம் முன்னர்ச் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருத்தி அதே 2005 இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். மறுபடியும் வருத்தம் கண்டபோது அவளைத் தலைநகருக்கு அழைத்துவர வீட்டாரிடம் பஸ் கட்டணம் இருக்கவில்லை. வேண்டியிருந்தது 15 டொலர். நோயாளர் வைத்தியத்தை நாடி வர இயலாதாயின், வைத்தியமே நோயாளரை நாடிப் போதல் வேண்டும் எனச் சிபண்டா துணிந்தார். ஆனால் ம்பாரேயில் அவருக்கு ஒதுக்குவதற்குத் தாதியரும் இல்லை. ஓர் அறைதானும் இல்லை. கிடைத்தவர் சுகாதாரப் பணிக்காக அவ்வூர் மக்களிடையே பழகிய 14 மூதாட்டிகள். கிடைத்த இடம் சிகிச்சை நிலையத்தின் வெளிமுற்றம். மரநிழலில் வாங்கு ஒன்று போடப்பட்டது. 2006 இல் தொண்டு தொடங்கிற்று.

வாங்குக்கு முதலில் வைத்த பெயர் 'மனநல வாங்கு'. ஒருவரும் வந்து அமரவில்லை. அதில் அமர்ந்தவரை ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமே காரணம். மூதாட்டிகள் இதனை உணர்ந்து, பெயரை மாற்றுக என்றனர். 'நட்பு வாங்கு' ஆயிற்று. மக்கள் வந்தனர். மரமும் அதுவே, வாங்கும் அதுவே, மூதாட்டியும் அவளே. மாறியது ஒரு சொல்.

பெயரோடு அம்மாற்றம் நிற்கவில்லை. மனச்சோர்வு என்று நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான சொல் ஷோனாப் பேச்சுவழக்கில் இல்லை என்பர். மக்கள் தம் வருத்தத்தைக் 'குஃபுங்கிசிசா' என்று சொல்லுவர். 'குஃபுங்கா' என்றால் நினைத்தல். 'இசிசா' என்னும் ஈறு மிகுதியை உணர்த்துவது. அளவிறந்து நினைத்தல் என்பது சொல்லின் பொருள். 1990களில் ஹராரேயில் பணிபுரிந்த இந்திய வைத்தியர் விக்ரம் பட்டேலும் உடனாய்வாளரும் இத்தகைய ஊர்வழக்குகளைத் திரட்டி, 14 வினாக்கள் கொண்ட ஷோனா வினாக்கொத்து ஒன்றை ஆக்கியிருந்தனர். மூதாட்டிகள் அவ்வினாக்களையே கையாண்டனர். அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 2013 இல் வெளியிட்ட நோய்வகை நூலின் சொற்கோவையிலும் குஃபுங்கிசிசா ஏறியது. சந்தையிலே வழங்கிய சொல் சாத்திரத்தில் இடம்பெற்றது.

இச்சொல்லைக் கேட்டவுடன் ஈழத்தமிழர் காதில் வேறொரு சொல்லும் ஒலிக்கும். 'பிள்ளைக்கு ஒரே யோசினை', 'யோசிக்காதையுங்கோ' என்று யாழ்ப்பாணத்தார் பேசும்போது, யோசனை என்பது ஆலோசனையைக் குறிப்பதன்று, கவலையைக் குறிப்பது. நினைப்பின் பெயரே நோவின் பெயராய் நிற்கின்றது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே வழியிற் சென்றிருத்தல் வியப்பன்றோ!

வாங்கிலே நடப்பது யாது? மூதாட்டி முதலில் வந்தவரின் மனத்தைத் திறக்கச் செய்கின்றாள், பின்னர் உயர்த்துகின்றாள், பின்னர் வலுப்படுத்துகின்றாள். இம்மூன்று படிகளுக்கும் ஷோனாவிலேயே பெயருண்டு. வந்தவர் தம் இடர்களை எல்லாம் சொல்லுவர். அவற்றுள் ஒன்றைத் தெரிந்து, தம்மால் இயன்ற தீர்வைத் தாமே காண்பர். மூதாட்டி கட்டளையிடுவதில்லை, துணைநிற்கின்றாள்.

இதன் பயனை ஆய்ந்தும் பார்த்தனர். ஹராரேயின் 24 சிகிச்சை நிலையங்களில் 573 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2016 இல் வெளிவந்தது. அவருட் பெரும்பாலோர் பெண்கள். ஆறு மாதத்தின் பின், வழமையான கவனிப்பை மேம்படுத்திப் பெற்றோருள் நூற்றுக்கு 49.9 பேரிடம் மனச்சோர்வின் குறிகள் இருந்தன. வாங்கில் அமர்ந்தோருள் 13.7 பேரிடமே இருந்தன. மலாவியும் சன்சிபாரும் நியூயோர்க் நகரமும் பின்னர் இம்முறையை மேற்கொண்டன.

அகப்பொருள் கற்ற மாணவருக்கு இது புதிதாய்த் தோன்றாது. களவிலே தலைவி மெலிகின்றாள். தாய் அதனை முருகணங்கு எனக் கருதி, வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பிக்கின்றாள். நோய் ஒன்றாக, மருந்து மற்றொன்றாகின்றது. மெய்யறிந்தவள் தோழி. அவள் அறத்தொடு நிற்கின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லுகின்றாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இத்துறையே. தோழி மருத்துவ நூல் கற்றவளல்லள். தலைவியின் மொழி அறிந்தவள். ம்பாரேயின் மூதாட்டியும் அத்தகையளே.

மூதாட்டி உளள் என்று வைத்தியரை வேண்டாமென்றல் ஆகுமோ? ஆகாது. உயிரை மாய்க்கும் எண்ணம் ஒருவரிடத்துக் கண்டால், அவள் மேற்பார்வையாளருக்கு அறிவித்து வைத்திய உதவிக்கு வழிப்படுத்துகின்றாள். வாங்கு வைத்தியசாலையின் வாயிற்படி. வாயிற்படியைக் காட்டி வீட்டைக் கட்டாது விடும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.

நம் நாட்டிலே மனநோய் வைத்தியசாலை அமைந்த அங்கொடை என்னும் ஊர்ப்பெயர் பிறரை எள்ளும் சொல்லாய் வழங்குகின்றது. இன்று அங்குள்ள தேசிய மனநல நிறுவகத்தோடு 1926 என்ற தொலைபேசி இலக்கத்திற் பேசலாம். பஸ் கட்டணமும் வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வூரின் பெயர் வசையாய் இருக்குமளவும், அவ்விலக்கத்தை அழுத்தும் விரல் நடுங்கவே செய்யும். வகுப்பிலே ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையை அப்பெயரால் எள்ளும்போது ஆசிரியரும் உடன் சிரிப்பாராயின், அங்கே ஒரு கதவு மூடப்படுகின்றது. 'எனக்கு ஒரே யோசினையாக் கிடக்கு, சேர்' என்று மாணவன் ஒருவன் வந்து நின்றால், பாடம் படியாமைக்குச் சொல்லும் சாட்டு என அதனைத் தள்ளாது, அவனை அருகே இருத்திக் கேட்டல் வேண்டும். பள்ளிக்கூட முற்றத்திலும் மரநிழல் உண்டு, வாங்கும் உண்டு.