பைபோலார் இருந்தால் அரசு வேலை கிடைக்காதா? சட்டம் சொல்வது என்ன?

“பைபோலார்னு தெரிஞ்சா வேலை போயிடுமோ?” மாத்திரையை மறைத்துச் சாப்பிடும் பலரின் பயம் இது.

டெல்லி நீதித்துறைப் பணிக்கான 2018 தேர்வில் ஒருவர் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் தேறினார். பைபோலார் நிரந்தரக் குறைபாடு அல்ல என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். மனுஷன் விடவில்லை. 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நீதிபதியாகவே ஆகலாம் என்றால் மற்ற வேலைக்கு என்ன தடை?

அவருக்குக் கைகொடுத்தது 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மனநோயும் அதில் அடக்கம். ஒதுக்கீடு வேண்டுமென்றால் குறைந்தது 40 சதவீதப் பாதிப்புக்கான சான்றிதழ் தேவை. அரசுப் பணியில் சேர்ந்த பிறகு குறைபாடு ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி நீக்க முடியாது, பதவியிறக்கவும் முடியாது.

சென்னையோ தென்னேரியோ, வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். மனநோய் உள்ளவர்களுக்குச் சட்ட உதவி இலவசம். 15100-க்கு போன் பண்ணுங்க. மனசு தடுமாறும் நேரத்தில் டெலிமானஸ் 14416. தமிழிலேயே பேசலாம்.