தோற்றவனும் நம்மவனே

வோட்டுப் பெட்டிகளைத் திறந்து எண்ணி முடித்துவிட்டால் தேர்தல் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் கஷ்டமான பகுதி அப்போதுதான் ஆரம்பமாகிறது. ஜயித்தவர்களுக்கு மாலையும் மேளமும் ஊர்வலமும் இருக்கின்றன. அவர்களுக்குப் பொழுது போய்விடும். தோற்றவரோ மறுநாள் காலையில் அதே தெருவில் நடந்து, அதே கடையில் காய்கறி வாங்கி, அதே திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்க வேண்டியவர். அவர் எதிரே வரும்போது நாம் என்ன சொல்லப் போகிறோம்? அவர் நம்மைப் பார்த்து என்ன சொல்லப் போகிறார்? ஒரு தேசத்தின் நாகரிகத்தை அளந்து பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

சாதாரணத் தேர்தலானால் அவ்வளவு பாதகமில்லை. சில வருஷம் பொறுத்தால் மறுபடியும் ஒரு சந்தர்ப்பம் வரும். ஆனால் தேசத்தின் தலைவிதியையே நிர்ணயிக்கும் கேள்வி ஒன்றை எழுப்பி, "வேண்டுமா, வேண்டாமா?" என்று வோட்டெடுக்கும்போது, முடிவு ஒரு கத்தியைப் போல் வீட்டுக்கு நடுவே விழுகிறது. 2016-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி பிரிட்டனில் அப்படித்தான் நடந்தது. ஐரோப்பிய யூனியனிலிருந்து விலக வேண்டும் என்று நூற்றுக்கு 51.9 பேரும், விலகக் கூடாது என்று 48.1 பேரும் வோட்டளித்தார்கள். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்பு ஜோ காக்ஸ் என்னும் பெண்மணி, பார்லிமெண்டு அங்கத்தினர், பட்டப்பகலில் கொலையுண்டார். முடிவு வெளியான பின்பும் பல குடும்பங்களில் அந்தப் பேச்சை எடுத்தாலே சாப்பாட்டு மேஜை போர்க்களமாயிற்று.

ஆனால் இந்த விஷயத்தில் உலகத்துக்குப் பெரிய பாடம் கற்பித்தது, பிரிட்டனுக்குப் பக்கத்துத் தீவாகிய அயர்லாந்து. நமது சுதந்திரப் போராட்ட காலத்தில் நம்மவர்கள் மிகுந்த அனுதாபத்துடன் கவனித்து வந்த தேசம் அது. அங்கே சுமார் நூறு வருஷங்களுக்கு முன்னால் நடந்த ஒரு வோட்டெடுப்பின் கதையை நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும். அது துயரமான கதைதான். எனினும் துயரத்தோடு முடிந்துவிடும் கதையல்ல.

64-ம் 57-ம்

1921-ம் வருஷம் டிசம்பர் 6-ந் தேதி லண்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஐரிஷ்காரர்களின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் முக்கியமானவர்கள் ஆர்தர் கிரிபித்தும் மைக்கேல் காலின்ஸும். அதன்படி அயர்லாந்துக்குக் குடியேற்ற நாட்டு அந்தஸ்து கிடைத்தது. ஆங்கிலேயச் சேனை வெளியேறும். ஆனால் சட்டசபை அங்கத்தினர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். வடக்கேயுள்ள 6 ஜில்லாக்கள் தனித்திருக்கலாம்.

"பூரண சுதந்திரம் இன்று இல்லை; ஆனால் அதை அடைவதற்கான சுதந்திரம் கையில் வந்துவிட்டது" என்பது காலின்ஸின் வாதம். "குடியரசுக்கென்று சத்தியம் செய்து கொடுத்த நாம் ஒரு மன்னருக்கு எப்படிப் பிரமாணம் செய்வது?" என்பது டி வலேராவின் வாதம். இரண்டு பேரும் சிறை கண்டவர்கள். 1916-ம் வருஷத்துப் புரட்சிக்குப் பிறகு மரண தண்டனை விதிக்கப்பட்டுத் தப்பியவர் டி வலேரா. எவருடைய தேசபக்தி குறைந்தது என்று சொல்வது?

'டாயில்' எனப்படும் ஐரிஷ் பிரதிநிதி சபை டப்ளின் நகரில் ஒரு கலாசாலைக் கட்டிடத்தில் கூடி இதை விவாதித்தது. 1922 ஜனவரி 7-ந் தேதி வோட்டெடுத்தார்கள். உடன்படிக்கைக்கு ஆதரவாக 64, எதிராக 57. ஏழே வோட்டு வித்தியாசம்!

அந்த மாலைப் பொழுதில் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. தோல்வியுற்ற டி வலேரா எழுந்தார். நான்கு வருஷ காலமாகத் தேசம் காத்து வந்த கட்டுப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். தொண்டை அடைத்தது. முடிக்க முடியாமல் கண்ணீர் விட்டு உட்கார்ந்துவிட்டார். ஜயித்த காலின்ஸும் ஆரவாரம் செய்யவில்லை. தம் இருதயத்தில் டி வலேராவுக்கு இருந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது என்றார். நாட்டில் அமைதி காப்பதற்கு இரு கட்சியாரும் சேர்ந்த ஒரு கமிட்டி ஏற்படுத்தலாம் என்றும் சொன்னார். ஒரு கணம் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் போலத் தோன்றிற்று.

அப்போது மேரி மக்ஸ்வினி அம்மையார் எழுந்து, இதில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று கூறிவிட்டார். அவரைக் குறை சொல்வதும் எளிதல்ல. 74 நாள் உண்ணாவிரதமிருந்து ஆங்கிலேயச் சிறையில் உயிர் நீத்த கார்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வினியின் சகோதரி அவர். தம்முடைய தியாகத்தை விலை பேசிவிட்டதாக நினைத்தவர்களின் துயரம் அவர் வாயிலாகப் பேசிற்று. கமிட்டி யோசனை அத்துடன் போயிற்று.

மூன்றாம் நாள்

மூன்றே நாட்கள் சென்றன. ஜனவரி 10-ந் தேதி, டி வலேராவுக்குப் பதிலாகக் கிரிபித்தைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும் சமயம். எதிர்ப்பைத் தெரிவிப்பதற்காக டி வலேராவும் அவரைச் சேர்ந்தவர்களும் சபையை விட்டு வெளியே நடந்தார்கள். இருதயத்தில் இடம் உண்டு என்று மூன்று நாட்களுக்கு முன்னால் சொன்ன அதே காலின்ஸ், "ஓடிப் போகிறவர்கள்!" என்று முதுகுக்குப் பின்னால் கூவினார். வெளியேறியவர்கள் சும்மா இருப்பார்களா? "சத்தியம் தவறியவர்கள், கோழைகள்!" என்று பதில் வந்தது. உடனே காலின்ஸ், "அந்நியர்கள்! அமெரிக்கர்கள்! ஆங்கிலேயர்கள்!" என்றார். டி வலேரா பிறந்தது நியூயார்க் நகரில் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

அதே தினம் எர்ஸ்கின் சில்டர்ஸ் என்னும் அங்கத்தினர் ஒரு கேள்வி கேட்டார். சில்டர்ஸ் லண்டனில் பிறந்தவர், தாயார் ஐரிஷ்காரி. உடன்படிக்கைப் பேச்சு வார்த்தைக்குச் சென்ற தூதுக் குழுவுக்கே காரியதரிசியாக இருந்தவர். 1914-ம் வருஷம் தமது சொந்தப் பாய்க் கப்பலில் ஐரிஷ் தொண்டர்களுக்குத் துப்பாக்கிகள் கொண்டு வந்து இறக்கியவர். கேள்வி நியாயமானதா, இல்லையா என்று கிரிபித் பார்க்கவில்லை. மேஜையைத் தட்டி, இந்தச் சபையில் எந்த ஆங்கிலேயனுக்கும் நான் பதில் சொல்ல மாட்டேன் என்று வசைச் சொல்லுடன் கூறிவிட்டார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஜனவரி 7-ந் தேதி வரையில் சண்டை பெரும்பாலும் உடன்படிக்கையைப் பற்றியது. 10-ந் தேதி அது மனிதர்களைப் பற்றியதாக மாறிவிட்டது. "உன் அபிப்பிராயம் தவறு" என்பதற்கும், "நீ எங்களைச் சேர்ந்தவனே அல்ல" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதல் வாக்கியத்துக்குப் பதில் சொல்லலாம். இரண்டாவது வாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வது? பிறந்த ஊரை மாற்றிக்கொள்ள யாரால் முடியும்?

அண்ணன் தம்பி யுத்தம்

பேச்சினால் மட்டுமே யுத்தம் வந்தது என்று நான் சொல்லவில்லை. சேனை இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டு பக்கமும் துப்பாக்கி இருந்தது. ஜூன் 16-ந் தேதி நடந்த பொதுத் தேர்தலில், 128 ஸ்தானங்களில் உடன்படிக்கையை எதிர்த்தவர்களுக்குக் கிடைத்தவை 36. அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை. ஜூன் 28-ந் தேதி டப்ளினில் எதிர்க் கட்சியாரின் வசமிருந்த நீதிமன்றக் கட்டிடத்தின் மீது சர்க்கார் பீரங்கிகள் முழங்கின. உள்நாட்டு யுத்தம் தொடங்கிற்று.

ஆகஸ்டு 12-ந் தேதி கிரிபித் திடீரென்று காலமானார். பத்து நாட்களுக்குப் பிறகு, தம் சொந்த ஜில்லாவிலேயே, காலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31. சர்க்கார் பிடிபட்டவர்களில் 75-க்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது.

கெவின் ஓ ஹிக்கின்ஸ் என்னும் இளம் மந்திரியின் கதையைக் கேட்டால் போதும். 1921 அக்டோபரில் அவருடைய கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் ரோரி ஓ கானர். 1922 டிசம்பர் 8-ந் தேதி அதே ரோரி ஓ கானரும் இன்னும் மூவரும் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த உத்தரவுக்குச் சம்மதித்த மந்திரிகளில் மாப்பிள்ளையும் ஒருவர். சுமார் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஓ ஹிக்கின்ஸின் தகப்பனாரை எதிர்த் தரப்பார் அவருடைய வீட்டிலேயே கொன்றார்கள். 1927 ஜூலை 10-ந் தேதி, மாதா கோவிலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஓ ஹிக்கின்ஸையும் சுட்டார்கள். சில மணி நேரம் உயிருடன் இருந்தார். சுட்டவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு இறந்தார்.

சிறையில் ஒரு வாக்குறுதி

எர்ஸ்கின் சில்டர்ஸ் 1922 நவம்பரில் பிடிபட்டார். அவரிடம் ஒரு சிறு கைத்துப்பாக்கி இருந்தது. நட்பாயிருந்த நாட்களில் மைக்கேல் காலின்ஸ் அன்பளிப்பாகக் கொடுத்தது அது. அதை வைத்திருந்ததே குற்றம் என்று மரண தண்டனை விதித்தார்கள்.

தண்டனைக்கு முன்னால் அவருடைய மகன் சிறைக்கு வந்தான். பதினாறு வயதுப் பிள்ளை. தகப்பனார் அவனிடம் சொத்தைப் பற்றிப் பேசவில்லை. பழி வாங்கும்படியும் சொல்லவில்லை. தம்முடைய மரண தண்டனைக்குப் பொறுப்பானவர்கள் ஒவ்வொருவரையும் பின்னாளில் தேடிக் கண்டு கை குலுக்க வேண்டும் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டார். நவம்பர் 24-ந் தேதி காலையில், தம்மைச் சுட வந்திருந்த சிப்பாய்கள் ஒவ்வொருவருடனும் அவரே கை குலுக்கினார். பிறகு, "ஓரிரண்டடி முன்னால் வாருங்கள், பிள்ளைகளே! உங்களுக்குச் சுலபமாக இருக்கும்" என்றாராம்.

அவர் தமது அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உடன்படிக்கை தவறு என்ற நம்பிக்கையுடனேயே இறந்தார். ஆனால் தம்மை ஆங்கிலேயன் என்று தள்ளியவர்களை அவர் அந்நியர் என்று தள்ளவில்லை.

வோட்டினால் போனது வோட்டினால் வந்தது

1923 மே மாதம் யுத்தம் ஓய்ந்தது. தோற்றவர்கள் என்ன செய்தார்கள்? 1926-ல் டி வலேரா புதுக் கட்சி ஒன்றை ஆரம்பித்தார். 1927-ல் சபைக்குள் நுழைந்தார். 1932 தேர்தலில் அவருடைய கட்சி முதலிடம் பெற்றது. யுத்த காலத்தில் சர்க்காரை நடத்திய காஸ்கிரேவ், தம் கைச் சேனையையும் போலீஸையும் கொண்டு தடுக்கக் கூடும் என்று பலர் அஞ்சினார்கள். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. மார்ச்சு 9-ந் தேதி அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு எதிர்க்கட்சி ஆசனத்தில் போய் உட்கார்ந்தார். அயர்லாந்தின் ஜனநாயகம் பிழைத்தது அந்தத் தினத்தில்தான் என்று சொல்ல வேண்டும்.

எந்தப் பிரமாணத்துக்காக இரத்தம் சிந்தினார்களோ, அந்தப் பிரமாணம் 1933-ல் ஒரு சட்டத்தினால் நீங்கிற்று. 1937 ஜூலை 1-ந் தேதி ஜனங்களே வோட்டளித்துப் புதிய அரசியல் சட்டத்தை ஏற்றார்கள். யுத்தத்தினால் கிடைக்காதது வோட்டினால் கிடைத்தது. வடக்குப் பிரிவினை மட்டும் தீராத துயரமாக நின்றது.

தகப்பனாரிடம் வாக்குக் கொடுத்த பையன் என்ன ஆனான்? 1938-ல் டாயில் சபை அங்கத்தினரானான், பின்பு மந்திரியானான். 1973 மே 30-ந் தேதி நடந்த ராஷ்டிரபதி தேர்தலில் அபேட்சகராக நின்றார் அந்த எர்ஸ்கின் ஹாமில்டன் சில்டர்ஸ். அவரை எதிர்த்து நின்றவர் டாம் ஓ ஹிக்கின்ஸ்: கொலையுண்ட கெவின் ஓ ஹிக்கின்ஸின் சகோதரர் மகன்! சில்டர்ஸின் தகப்பனாரைச் சுட்டது ஓ ஹிக்கின்ஸ் இருந்த சர்க்கார். ஓ ஹிக்கின்ஸைச் சுட்டது சில்டர்ஸ் சேர்ந்திருந்த தரப்பு. இந்த இரு குடும்பங்களும் தேர்தலில் சந்தித்தால் ஊர் பற்றி எரிய வேண்டாமா? அப்படி ஒன்றும் நேரவில்லை. சில்டர்ஸுக்கு நூற்றுக்கு 52 வோட்டு. ஓ ஹிக்கின்ஸுக்கு 48. ஏறக்குறைய 2016-ம் வருஷத்துப் பிரிட்டனின் கணக்கேதான். தோற்ற ஓ ஹிக்கின்ஸ் மறு வருஷம் தேசத்தின் பிரதம நீதிபதியானார்.

அந்த யுத்தத்தில் எதிரெதிராக நின்றவர்களின் வழி வந்த இரு பெரிய கட்சிகளும் 2020 ஜூன் மாதத்தில் முதன் முறையாகச் சேர்ந்து ஒரே மந்திரி சபை அமைத்தன. ஆறுவதற்குத் தொண்ணூற்றெட்டு வருஷம் ஆயிற்று. காயப்படுத்துவதற்கோ மூன்று நாள் போதுமானதாயிருந்தது.

நமக்கு என்ன?

மரியாதையாகப் பேசுவது என்றால் அபிப்பிராயத்தை விழுங்கிவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. டி வலேரா பிரமாணத்தைக் கடைசி வரை எதிர்த்தார்; எதிர்த்தே நீக்கினார். தோற்றவருக்கு "இது தவறு" என்று தினந்தோறும் சொல்ல உரிமை உண்டு. ஜயித்தவருக்கு "இதுதான் முடிவு" என்று நிறைவேற்ற உரிமை உண்டு. ஆனால் எதிராளி எங்கே பிறந்தான், யாரிடம் காசு வாங்கினான், அவன் தேசபக்தி எத்தனை தோலா என்று நிறுத்துப் பார்க்கும் உரிமை இரு தரப்பாருக்கும் கிடையாது. வோட்டு ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. எதிர்த்து வோட்டளித்தவனின் யோக்கியதையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்த தடவை வோட்டு எண்ணிக்கை முடிந்த மாலையில், எதிர் வீட்டுக்காரர் முகம் வாடி வாசலில் நிற்பதைக் கண்டால், இதை நினைத்துக் கொள்ளுங்கள். கேலி செய்ய அருமையான வாக்கியம் ஒன்று நாக்கின் நுனியில் வந்து நிற்கும். அதை அப்படியே விழுங்கிவிட்டு, "வாருங்கள், காபி சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள். விவாதத்தைக் காபிக்குப் பிறகு தொடர்ந்து கொள்ளலாம். சுடுவதற்கு நின்றவர்களுடனேயே ஒரு மனிதர் கை குலுக்கினார் என்றால், நமக்கு ஒரு டம்ளர் காபி பெரிய காரியமா?