விளையாட்டுத் திருவிழாவுக்குப் போன நம் பங்கு

2030-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை நடத்தும் வாய்ப்பு குஜராத்தின் அகமதாபாத் நகருக்குக் கிடைத்திருக்கிறது. 2025 நவம்பர் 26 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கூடிய பொதுச் சபை இதை உறுதி செய்தது. நைஜீரியாவின் அபுஜா நகரும் போட்டியில் இருந்தது. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியாவுக்குக் கொண்டுவர மத்திய அரசு முயன்று வருகிறது. அரங்கங்கள், மேம்பாலங்கள், மெட்ரோ பாதைகள் பற்றிய அறிவிப்புகள் இனி வரிசையாக வரும்.

எங்கோ குஜராத்தில் நடக்கும் விளையாட்டுக்கும் நம் ஊர்க் காலனிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. இதே போட்டி 2010-இல் டெல்லியில் நடந்தபோது, பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒதுக்கிய பணம் அதற்காக எடுக்கப்பட்டது. புதிய போட்டி தொடங்குவதற்கு முன் அந்தப் பழைய கணக்கை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

டெல்லி வென்ற விதம்

2003 நவம்பரில் ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில் வாக்கெடுப்பு நடந்தது. டெல்லிக்கு எதிராக நின்றது கனடாவின் ஹாமில்டன் நகரம். 46-க்கு 22 என்ற வாக்குகளில் டெல்லி வென்றது. உறுப்பு நாடுகள் 72-க்கும் வீரர்களின் பயிற்சிக்காகத் தலா 1 லட்சம் டாலர் தருவதாக இந்தியா சொன்னதும் வெற்றிக்கு ஒரு காரணம்.

இப்படிப் போட்டி போடும் நகரங்கள் உலகுக்குக் காட்ட விரும்பும் பொருள்களில் ஒன்று, விமான நிலையத்திலிருந்து நகருக்குள் ஓடும் தனி ரயில். வெளிநாட்டு வீரரும் விருந்தினரும் இறங்கியதும் முதலில் பார்ப்பது அதைத்தான். சிட்னி 2000 ஒலிம்பிக்குக்கு நான்கு மாதம் முன்பு தன் விமான நிலைய ரயிலைத் திறந்தது. எதிர்பார்த்த அளவு பயணிகள் வராததால், அதை நடத்திய தனியார் நிறுவனம் அதே ஆண்டில் நொடித்தது. பீஜிங் 2008 ஜூலையில், ஒலிம்பிக் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது திறந்தது.

டெல்லியும் அதே வழியில் போனது. புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையம் வழியாக துவாரகா வரை சுமார் 23 கிலோமீட்டர் பாதை, தனியார் பங்களிப்போடு போடப்பட்டது. போட்டிக்கு முன் ரயில் ஓட வேண்டும் என்பது இலக்கு. போட்டி 2010 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ரயில் ஓடத் தொடங்கியதோ 2011 பிப்ரவரி 23 அன்று. 2012 ஜூலையில் பாதையில் பழுது கண்டுபிடிக்கப்பட்டு ஆறு மாதம் சேவை நின்றது. 2013-இல் தனியார் நிறுவனம் விலகிக்கொள்ள, அரசின் டெல்லி மெட்ரோ நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. அதன்பின் எழுந்த இழப்பீட்டு வழக்கு 2024 வரை உச்ச நீதிமன்றத்தில் நடந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரயில் தாமதமானபோது கேட்க வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ஒப்பந்தம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது. தலித் மக்களின் பணம் போனபோது கேட்க யார் இருந்தார்கள்?

744 கோடி ரூபாய்

1979 முதல் இந்தியாவில் ஓர் ஏற்பாடு உண்டு. பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் எத்தனை சதவீதமோ, அத்தனை சதவீத நிதியைத் திட்டச் செலவில் அவர்களுக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். அன்று அதன் பெயர் சிறப்பு உட்கூறுத் திட்டம். பிறகு துணைத் திட்டம் என்று ஆனது. விடுதி, கல்வி உதவித்தொகை, வீடு, தொழில் கடன் என்று நேரடியாக அந்த மக்களைச் சேரும் பணிகளுக்கே அது போக வேண்டும்.

2010 மே மாதம், ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐ.நா.வின் வீட்டுரிமைச் சிறப்பு அறிக்கையாளராக இருந்த மிலூன் கோத்தாரி அதில் முன்னின்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற்ற பதில்கள் மூலம், 2006-07 முதல் 2010-11 வரை டெல்லியின் சிறப்பு உட்கூறுத் திட்டத்திலிருந்து சுமார் 744 கோடி ரூபாய் காமன்வெல்த் போட்டிப் பணிகளுக்குத் திருப்பப்பட்டது தெரிய வந்தது. தலித் அமைப்புகள் போராடின. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 2010 ஆகஸ்ட் இறுதியில் மாநிலங்களவையில் பேசிய அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம், சுமார் 678 கோடி ரூபாய் திருப்பப்பட்டதையும், அது தவறாகவே தெரிகிறது என்பதையும் ஒப்புக்கொண்டார்.

ஒரு மாணவர் விடுதி கட்ட 2 கோடி ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 744 கோடியில் 372 விடுதிகள் கட்டலாம்.

பணத்தைத் திருப்பும்போது அரசுகள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. சாலையும் பாலமும் எல்லோருக்கும் பொது. அதில் தலித்துகளும் போவார்கள். ஆகவே அவர்கள் பங்கை அதில் போடலாம் என்பார்கள். பொதுச் சாலையைப் பொதுப் பணத்தில் போடுவதுதான் முறை. தனிப் பங்கு வந்ததே, பொதுச் செலவு சேரிக்கு வந்து சேராததால்தான்.

இடிக்கப்பட்ட வீடுகள்

பணத்தோடு போகவில்லை. 2010 ஏப்ரலில் டெல்லி ஜங்புராவில் 360-க்கும் மேற்பட்ட தமிழ் தலித் குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. போட்டிக்கான வாகன நிறுத்துமிடத்துக்கு அந்த இடம் தேவை என்று சொல்லப்பட்டது. பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து டெல்லி போய், வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து வாழ்ந்த மக்கள் அவர்கள்.

அதே ஜங்புராப் பகுதியில், பாராபுல்லா கால்வாய் ஓரம் இருந்தது மதராசி கேம்ப். 2025 ஜூன் 1 அன்று, நீதிமன்ற உத்தரவின்படி, கால்வாயைச் சீரமைப்பதற்காக அதுவும் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள் போயின. தகுதி உண்டு என்று ஏற்கப்பட்டவர்களுக்கு நகரின் வடக்கு ஓரத்தில் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது; மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

அரங்கங்களைக் கட்டிய தொழிலாளர்களின் நிலையும் இப்படித்தான். டெல்லி உயர் நீதிமன்றம் 2010-இல் அமைத்த குழு, கட்டுமான இடங்களில் குறைந்தபட்சக் கூலி, தங்குமிடம், பாதுகாப்பு விதிகள் மீறப்பட்டதைக் கண்டது.

நாம் செய்ய வேண்டியது

விளையாட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் ஓடத்தான் விரும்புகிறார்கள். போட்டிக்கு நாள் குறிக்கப்பட்டதும், அவசரம் என்ற பெயரில் விதிகள் ஓரம் கட்டப்படுகின்றன. அப்போது முதலில் கை வைக்கப்படுவது, கேட்க ஆளில்லாத பணத்தில்தான்.

இந்தப் பங்கைக் காக்க ஆந்திரமும் கர்நாடகமும் 2013-இல் தனிச் சட்டம் இயற்றின. கர்நாடகச் சட்டத்தின் 7(டி) பிரிவு, பொதுப் பணிச் செலவின் ஒரு பகுதியைத் துணைத் திட்டக் கணக்கில் காட்ட இடம் கொடுத்தது. எதிர்ப்புக்குப் பின் 2023-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. தமிழ்நாடு 2024-இல் சட்டம் கொண்டுவந்தது. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். மத்திய அளவில் இப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை.

மாணவர்கள் ஒரு எண்ணை மனத்தில் வைக்க வேண்டும்: 789. அரசின் வரவு செலவுப் புத்தகத்தில் பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டச் செலவு இந்தக் கணக்குத் தலைப்பின் கீழ்தான் வரும். நிதிநிலை அறிக்கை இணையத்தில் கிடைக்கிறது. 789 என்று இருக்கும் இடத்தில் எந்தத் துறை, எந்தப் பணி, எவ்வளவு தொகை என்று பாருங்கள். சந்தேகம் வந்தால், அந்தப் பணியால் எத்தனை பட்டியல் சாதிக் குடும்பங்கள் பயன் பெற்றன என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. பதிலைக் கிராம சபையில் எழுந்து நின்று படியுங்கள்.

டெல்லியில் 744 கோடி வெளியே தெரிந்ததும் இப்படிப்பட்ட மனுக்களால்தான். ஆனால் அது தெரிய வந்தபோது நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. அகமதாபாத் போட்டிக்கு இன்னும் காலம் இருக்கிறது. அங்கே உள்ள தலித் இளைஞர்கள் இப்போதே கணக்குக் கேட்கத் தொடங்க வேண்டும். நம் மாவட்டத்துக் கணக்கை நாம் கேட்போம்.