மனைவிக்கு மோட்டார் சைக்கிள் பழக்குவது எப்படி?

திருகோணமலை துறைமுகத்தைச் சுற்றி ஊர்கள் விரிந்து கிடக்கின்றன. உப்புவெளியில் வீடு, நகரத்தில் வேலை, பிள்ளைக்கு வேறொரு பக்கம் ரியூஷன் என்று இருக்கும் பெண்ணுக்குத் தானே பைக் ஓடத் தெரிந்தால் நாளில் பாதிக் காத்திருப்பு மிச்சம். வீட்டில் பழக்குபவர் பெரும்பாலும் கணவன்தான். நன்றாக ஓடத் தெரிவது வேறு, பழக்கத் தெரிவது வேறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுப்பதுதான் பழக்குபவரின் முதல் வேலை.

முதலில் அனுமதிப்பத்திரம்

மருத்துவச் சான்றிதழ் எடுத்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து, பயிலுநர் அனுமதிப்பத்திரம் பெற்ற பிறகே மனைவி வீதிக்கு வரவேண்டும். பிறகுதான் ட்ரயல். 100 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 'ஏ' வகுப்பு. அதற்கு உட்பட்டதற்கு 'ஏ1'. இன்று ஓடும் ஸ்கூட்டிகள் பல 110 சிசி என்பதால் வண்டியின் புத்தகத்தைப் பார்த்தபின் விண்ணப்பியுங்கள்.

வெறும் மைதானத்தில்

இறுகிய, மட்டமான தரை வேண்டும். கடற்கரை மணலில் முன்சில்லு புதைந்து சறுக்கும், அங்கே வேண்டாம். ஹெல்மெட், மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை ஆகியவை முதல் நாளே இருக்கட்டும்.

இன்ஜினை நிறுத்தி வைத்து வண்டியைத் தள்ள, திருப்ப, ஸ்டாண்ட் போட விடுங்கள். பாரம் கைக்குப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். அடுத்தது பிரேக். கிளப்பப் பழகுமுன் நிறுத்தப் பழக வேண்டும்.

பிறகு கிளச். முதல் கியரில் போட்டு, அக்சிலேட்டரைத் தொடாமல், கிளச்சை மெல்ல விடச் சொல்லுங்கள். வண்டி அசையத் தொடங்கும் இடத்தைக் கை உணர்ந்ததும் மீண்டும் பிடிக்கட்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால், வண்டி துள்ளி நிற்பது குறையும். அதற்குப் பிறகே கால் தூக்கி ஓடுவது, கியர் மாற்றுவது, எட்டுப் போடுவது.

ஸ்கூட்டியில் கையால் பிடிக்கும் கிளச் இல்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பதறினால் கை பிடியை இறுக்கும். அதோடு அக்சிலேட்டரும் முறுகும். மணிக்கட்டைத் தாழ்த்தி வைத்துப் பிடித்தால் அது தானாகவே முறுகுவதற்கு இடம் குறையும்.

பிரேக்கும் பார்வையும்

நிறுத்தும்போது பாரம் முன்னால் சாய்வதால் முன்பிரேக்குக்கே வலு அதிகம். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழக்குங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் மணலிலும் முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் விழுத்திவிடும். வளைவில் சில்லைப் பார்க்காமல் போகவேண்டிய இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்; கண் போகும் பக்கம் வண்டி போகும்.

பழக்குபவரின் வாய்

மனைவி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஓடிக்கொண்டே கத்தாதீர்கள். குரலைக் கேட்பவர் வீதியைப் பார்க்க மறந்துவிடுவார். வண்டி நின்றபிறகு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். பின்னால் ஏறி உட்காரவும் வேண்டாம். உங்கள் பாரம் அவருடைய சமநிலையைக் கெடுக்கும். கோபம் வந்தால் அன்றைய பழக்கத்தை நிறுத்துங்கள். பழக்குவது இருவருக்குமே ஒத்துவராவிட்டால் சாரதிப் பயிற்சிப் பாடசாலையில் சேர்த்துவிடுவது நல்ல முடிவு.

வீதிக்கு வந்தபின்

அதிகாலையில் ஆளில்லாத உள்வீதியில் தொடங்குங்கள். நகரத்துக்குள் மாடுகளும், பிரட்ரிக் கோட்டைப் பக்கத்தில் மான்களும் திடீரென்று குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எண்ணி வேகத்தைக் குறைக்க வேண்டும். சீனக்குடாப் பக்கம் ஆலைகளுக்குப் போகும் லொறிகளின் அருகில் ஒட்டி ஓடக்கூடாது. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் கடலுக்கு மேல் ஏறத்தாழ 400 மீற்றர் நீளம். கச்சான் காற்று வீசும் நாளில் அங்கே பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்துக் கடக்க வேண்டும். மாரியில் முதல் மழைக்கு நனைந்த தார், எண்ணெய்ப்பசையோடு வழுக்கும். இந்த இடங்களைக் கொஞ்சம் ஓடப் பழகியபின் வைத்துக்கொள்ளலாம்.

எந்தச் சந்தியில் நிற்பது, எப்போது முந்தாமல் விடுவது என்பதை மெதுவாக அவரிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அந்த முடிவுகளை எடுக்கப்போவது அவர்தான். பழக்கியது சரியா என்பது அங்கேதான் தெரியும்.