தீவுச் சமையலறை – 9: மூன்று லிட்டர் எதற்கு?

சென்ற வாரம் கருவாடு பார்த்தோம். இந்த வாரம் பச்சை மீன், அதுவும் அவசரச் சமையல்.

அந்தமானின் டாலிகஞ்சில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கடிகாரம் காட்டுகிற இந்திய நேரம் மிர்சாபூர் பக்கத்து நேரம். வானம் நடப்பதோ பர்மாக்காரன் நேரத்துக்கு. தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வருகிறவரும் ஐ.டி.ஐ.யிலிருந்து திரும்புகிற பிள்ளையும் வீட்டுக்குள் நுழையும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். பசியும் அப்போதே வந்துவிடும். அந்த நேரத்தில் புளி கரைத்து, மசாலா அரைத்து, குழம்பு கூட்டி, சோறு வடிக்கப் பொறுமை இருப்பவர்கள் பாக்கியவான்கள். மற்றவர்களுக்கு அரை மணியில் ஆகிற ஒரு சாப்பாடு சொல்கிறேன்: இறாலும் கணவாயும் போட்ட ஸ்பகெட்டி.

பாஸ்தா என்றதும் முகம் சுளிக்கிற மாமாக்களுக்கு ஒரு சேதி. 1154-இல் சிசிலித் தீவைப் பற்றி எழுதிய அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி, பலெர்மோவுக்குப் பக்கத்தில் திராபியா என்ற ஊரில் உலர்ந்த மாவிழைகள் செய்து கப்பல் கப்பலாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்று குறித்துவைத்திருக்கிறார். ஆக, இது பிறந்ததிலிருந்தே கப்பல் சரக்கு. கெடாது, கசியாது, மாதக்கணக்கில் கிடக்கும். அரிசி, பருப்பு, வெங்காயம் என்று பாதிச் சமையலறை சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வந்து இறங்குகிற ஊரில் இதைவிடப் பொருத்தமான பண்டம் எது? காய்ந்தது கப்பலில் வரட்டும், ஈரமானது ஜங்லிகாட் மீன் சந்தையில் இருக்கிறது.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரக் கட்டுரையே அதற்காகத்தான்.

இத்தாலிக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நாலு பேருக்கு 300 கிராம் என்றால் மூன்று லிட்டர். வேகவைத்து அத்தனையையும் தொட்டியில் கொட்ட வேண்டும். வருடத்துக்கு ஏறத்தாழ 300 சென்டிமீட்டர் மழை பெய்கிற தீவு இது. ஆனாலும் பெய்ததெல்லாம் சரிவில் இறங்கிக் கடலுக்கு ஓடிவிடுகிறது. நகரம் பெருமளவு தனிக்காரி அணையை நம்பி இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் அணை இறங்கினால் குழாய்த் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். குடம், டிரம், பக்கெட் எல்லாம் நிரப்பிவைத்துக் காத்திருக்கிற வீட்டில் மூன்று லிட்டரைக் கொதிக்கவிட்டுக் கொட்டு என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லத் தேவையில்லை. சமையல் அறிவியலில் பெரிய பெயரான ஹெரால்ட் மெக்கீ இந்தக் கேள்வியையே கையில் எடுத்து, 2009-இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாஸ்தாவை ஒன்றரை லிட்டர் அளவுத் தண்ணீரில், பச்சைத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்தார். வெந்தது. அடிக்கடி கிளற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கூடவே ஒரு லாபம்: தண்ணீர் குறைவாக இருப்பதால் மாவிலிருந்து கரைகிற கஞ்சி அதில் கெட்டியாக நிற்கிறது. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து, இழை மேல் பூசவைப்பது அந்தக் கஞ்சிதான். ஓட்டல்களில் கிரீமும் மைதா வெள்ளைச் சாஸும் ஊற்றி வாங்குகிற வழவழப்பு இதில் இனாமாகக் கிடைக்கிறது. கடல் உணவின் மேல் அந்த வெள்ளைச் சாஸை ஊற்றுவது, என்னைக் கேட்டால், மீனுக்குச் செய்கிற துரோகம்.

பாக்கெட் வாங்கும்போது ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்க வேண்டும். இத்தாலியில் உலர் பாஸ்தாவை அதில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டார்கள். மைதாவில் செய்தது குறைந்த தண்ணீரில் குழைந்து களியாகிவிடும்.

சந்தையில் கால் கிலோ இறால், கால் கிலோ ஊசிக்கணவாய் போதும். இறால் தலை கறுத்திருந்தால் வேண்டாம். கணவாயின் மேல்தோலில் புள்ளிகள் தெளிவாகத் தெரிய வேண்டும்; இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் நாள்பட்டது. உரித்து வாங்கினால், "அந்தத் தலையையும் போடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுவையே அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அகலமான வாணலியில் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, 300 கிராம் ஸ்பகெட்டி. இழை முழுதாகப் படுக்க இடமில்லையென்றால் பாதியாக ஒடித்துப் போடுங்கள், இத்தாலிக்காரர் யாரும் டாலிகஞ்சுக்கு வந்து பார்க்கப்போவதில்லை. முதல் சில நிமிடம் கரண்டியை எடுக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்து அடுப்பில் நாலு கரண்டி எண்ணெய். ஆலிவ் எண்ணெய் இருந்தால் சரி. இல்லாவிட்டால் தேங்காயெண்ணெய், இறாலோடு அதுவும் நன்றாகவே போகும். இறால் தலைகளைப் போட்டு, சிவந்து வரும்போது கரண்டியால் நன்றாக நசுக்குங்கள். எண்ணெய் செம்மஞ்சளாக மாறும். தலைகளை எடுத்துவிட்டு, நறுக்கிய பூண்டு எட்டுப் பல், கிள்ளிய வரமிளகாய் மூன்று, பூண்டு பொன்னிறத்தைத் தொடும் முன் இரண்டு தக்காளி. கப்பல் தாமதித்துத் தக்காளி விலை ஏறியிருக்கிற வாரமா? விட்டுவிடுங்கள், கடைசியில் எலுமிச்சை பார்த்துக்கொள்ளும்.

தக்காளி கரைந்ததும் தீயைக் கூட்டி இறாலைப் போடுங்கள். அது நிறம் மாறத் தொடங்கியதும் வளையமாக அரிந்த கணவாய், ஒன்றரை நிமிடம். கணவாய்க்கு நடுவழி கிடையாது: இரண்டு நிமிடத்துக்குள் இறக்க வேண்டும், இல்லையென்றால் முக்கால் மணி நேரம் வேகவிட வேண்டும். இடையில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர்.

இரண்டையும் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே, நடுவில் மெல்லிய கடிப்பு இருக்கும்போதே, ஸ்பகெட்டியை மிஞ்சிய கஞ்சித் தண்ணீரோடு அந்த எண்ணெய்க்குள் தள்ளிப் பெருந்தீயில் புரட்டுங்கள். தண்ணீர் வற்றி, பளபளவென்று இழையில் ஏறும். இப்போது இறாலும் கணவாயும் திரும்ப உள்ளே. அடுப்பை அணைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, பர்மா தனியா இரண்டு இலை நறுக்கிப் போடுங்கள். நீளமாக, விளிம்பில் பல் பல்லாக இருக்கும் அந்த இலை, நம் கொத்தமல்லியைவிடக் காரமான வாசம் உள்ளது. சூட்டிலும் வாசம் போகாது. சென்னையில் இதைச் செய்கிறவர்கள் சாதாரணக் கொத்தமல்லியை இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளலாம்.

சீஸ் வேண்டாம். இத்தாலியிலும் கடல் உணவு பாஸ்தாவுக்குப் பெரும்பாலும் போடுவதில்லை. பிள்ளைகள் அடம்பிடித்தால் அவர்கள் தட்டில் மட்டும்.

மிஞ்சியதை மறுநாள் சூடுபண்ணாதீர்கள். அளவாகச் செய்து அன்றே முடித்துவிடுங்கள். அடுத்த வாரம் நண்டு. உயிரோடு வாங்கிய சேற்று நண்டை வீட்டில் எப்படிக் கையாள்வது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.