சேமித்த கஞ்சாவும் பூஞ்சணமும்

மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் அமைந்த நல்லதண்ணியில் ஈரத்தின் கொடுமையை அறியாதார் இலர். வெசாக் பூரணையோடு யாத்திரைக் காலம் முடிவுற, தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொணர்ந்து கொட்டும். அக்காலத்தில் லயன் அறையின் மூலையிற் கிடக்கும் செருப்பிலும், பெட்டியில் மடித்து வைத்த சேலையிலும், அடுப்புக்குச் சற்று எட்ட வைத்த கருவாட்டிலும் சில நாளிலேயே சாம்பல் நிறப் படலம் படரும். அதுவே பூஞ்சணம். விஞ்ஞானப் பாடநூல்கள் அதனைப் பங்கசு என்னும் பெருங்கூட்டத்துள் அடக்கும். உலர்ந்த தாவரப் பொருள் எதுவாயினும், ஈரமும் காற்றும் ஓரளவு வெப்பமும் வாய்க்குமாயின் அதற்கு உணவாகிவிடும். மருந்துச் சரக்கெனவும் போதைப் பொருளெனவும் இருவகைப் பெயர் பெற்ற கஞ்சா இவ்விதிக்கு விலக்கன்று.

இதன் காரணத்தைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு விளக்குதல் எளிது. ஸ்டோரில் வறுத்தெடுக்கும் தேயிலையில் ஏறத்தாழ 3 வீத ஈரமே எஞ்சும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பாதலின், ஈரம் புகாத உறையிலிட்டுக் கட்டுவர். கஞ்சாவோ இத்தகைய முறைக்கு உட்படுவது அரிது. பச்சைப் பூங்கொத்தின் எடையில் முக்காற் பங்குக்குக் குறையாதது நீரே. அதனை நிழலிலோ வெயிலிலோ அரைகுறையாகக் காயவிடின், மேற்புறம் மொறுமொறுப்பாகத் தோன்றினும் காம்பும் பூவின் உட்புறமும் ஈரமாகவே இருக்கும். பின் அதனை இறுக்கிப் பொலித்தீனில் பொதிந்தால், உள்ளிருந்த ஈரம் வெளிப்பட்டுப் பொதியின் காற்று முழுவதையும் நிறைக்கும். மூடிய பொதியினுள் காற்றின் சாரீரப்பதன் 65 வீதத்தைக் கடக்குமாயின், வறட்சி தாங்கும் பூஞ்சண இனங்கள் முதலிற் தலைதூக்கும். அவை மூச்சுவிடும்போது வெளிவரும் நீர், பிற இனங்களுக்கு வழி திறந்துவிடும்.

இலங்கையில் இவ்விடயம் தனித்ததொரு முக்கியத்துவம் உடையது. 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைக் கட்டுப்படுத்தி வருகின்றது. எனினும் ஆயுர்வேத, சித்த வைத்தியத்திற் சில இலேகியங்களும் சூரணங்களும் கஞ்சாவின்றி முடிவதில்லை. ஆதலின் பொலிஸார் கைப்பற்றி நீதிமன்றங்களில் வழக்குப் பொருளாக வைக்கப்பட்டிருந்த கஞ்சாவே வைத்தியர்களுக்கு மருந்துச் சரக்காக வழங்கப்பட்டு வந்தது. சட்டம் விலக்கிய பொருள், சட்டத்தின் கையாலேயே மருந்தாகித் திரும்புவது விந்தையே. 2017ஆம் ஆண்டில், அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன இங்கிரியாவில் 100 ஏக்கரில் அரச மேற்பார்வையிற் கஞ்சா பயிரிடும் திட்டத்தை அறிவித்தார். நீதிமன்றங்களிலிருந்து வரும் கஞ்சா நான்கைந்து ஆண்டு பழையதாகி வீரியமிழந்து போகின்றது என்பதே அதற்கு அவர் கூறிய காரணம்.

வீரியக் குறைவு மெய்யே. கஞ்சாவின் முதன்மைச் சத்து காற்றாலும் ஒளியாலும் சிதைந்து கன்னபினோல் என்னும் வேறொரு பொருளாக மாறும். அப்பொருளை 1896ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜ் இரசாயனவியலார் பிரித்தெடுத்தனர். ஆனால் நான்கைந்து ஆண்டுகள் ஓர் அறையிற் கிடந்த தாவரப் பொருளில் எது குறைந்தது என்று கேட்பது மட்டும் போதாது. எது வளர்ந்தது என்றும் கேட்டல் வேண்டும். வட கடல் வழியாக வந்து பிடிபடும் ‘கேரள கஞ்சா’ இறுகக் கட்டிய பொலித்தீன் பொதிகளாகவே அகப்படுகின்றது. அப்பொதிகள் படகின் அடியிலும் கரை மணலிலும் கிடந்தவை. அவற்றைக் காவலிட்டு வைப்போர் எடை குறையாதிருக்கவும் முத்திரை உடையாதிருக்கவும் பொறுப்பாவர். ஈரத்தை அளப்பது அவர் கடமையிற் சேர்ந்ததன்று.

இவ்வாறு வளர்வனவற்றுள் தலையாயது அஸ்பெர்ஜிலஸ் என்னும் பேரினம். 1729ஆம் ஆண்டில் இத்தாலியத் தாவரவியலார் பியெர் அன்டோனியோ மிக்கேலி, அதன் வடிவம் கிறித்தவக் குருமார் தீர்த்தம் தெளிக்கும் கருவியை ஒத்திருந்தமையால் இப்பெயரை இட்டார். அப்பேரினத்தைச் சேர்ந்த பியூமிகேற்றஸ் இனத்தின் வித்தி இரண்டு மூன்று மைக்குரோன் அளவினது. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் தடுக்கமாட்டாத அச்சிறுமையே அதன் ஆயுதம். சுவாசப்பையின் கடைசிச் சிற்றறை வரை அது சென்றடையும். சுகதேகியின் உடற்காவற் கலங்கள் அதனை விழுங்கி அழித்துவிடும். ஈளை நோயாளருட் சிலர்க்கோ அது ஒவ்வாமையை மூட்டி இருமலையும் மூச்சுத்திணறலையும் முற்றச் செய்யும். காசநோய் தீர்ந்தபின் சுவாசப்பையில் எஞ்சிய குழியிற் பந்துபோலத் திரண்டு, நாளடைவில் இரத்தங் கக்கவைத்தலும் உண்டு. நோயெதிர்ப்பு நலிந்தவர்க்கு அது இழையத்தையே துளைத்துப் பரவும் கொடிய நோயாகும்.

இவை வெறும் ஊகமல்ல. பூஞ்சணம் பிடித்த கஞ்சாவைப் புகைத்தமையால் நேர்ந்த சுவாசப்பை நோய்கள் 1975, 1978ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவ ஏடுகளிற் பதிவாயின. என்புமச்சை மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர் இவ்வாறே நோயுற்று இறந்த செய்தி 1988இல் வெளிவந்தது. பிற்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தார், காப்புறுதி பெற்றோரின் 2016ஆம் ஆண்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து, கஞ்சாப் பாவனை குறிக்கப்பட்டோரிடையே சில பங்கசுத் தொற்றுகள் ஏறக்குறைய 3.5 மடங்கு மிகுதியெனக் கண்டு, 2020இல் வெளியிட்டனர். அது தொடர்பைக் காட்டுவதேயன்றிக் காரணத்தை நிறுவுவதன்று. தொற்றுற்றோர் தொகையும் ஆயிரத்துக்கு ஒருவரினும் குறைவே. அச்சமூட்டுவதற்காக அவ்வெண்ணை மட்டும் பிரித்துக் கூறுதல் நேர்மையாகாது.

புகைப்போர் சிலர் நெருப்பு அனைத்தையும் சுட்டெரித்துவிடும் என நம்புவர். எரிமுனையில் அது மெய்யாகலாம். ஆனால் அடுத்துள்ள எரியாத பகுதியூடாக இழுக்கப்படும் காற்று வித்திகளை வாரிக்கொண்டு செல்லும். நீர்க்குழாயினூடாக இழுப்பதும் அவற்றைத் தடுக்கவில்லை என்பது 1982இல் சோதித்துக் காணப்பட்டது. சிவனொளிபாத யாத்திரைக் காலத்தில் ஹட்டன் வழியே வரும் இளைஞரிடம் கஞ்சா கைப்பற்றப்படும் செய்தியை நாளிதழ்களிற் காண்கின்றோம். சட்டைப்பையில் வியர்வையும் பனியும் பட்டு வந்த அச்சரக்கு எங்கே, எத்தனை மாதம் கிடந்ததென்று வாங்கியவரும் அறியார், விற்றவரும் அறியார். போதையின் தீமை வேறு. அது பலரும் எழுதியதே.

இலேகியமாக உண்போர்க்கு ஆபத்து வேறு வழியாக வரும். வைத்திய நூல்கள் கஞ்சாவைக் கழுவி, உலர்த்தி, பசுநெய்யில் வறுத்துச் சுத்தி செய்யுமாறு விதித்துள்ளன. இச்சுத்தி முன்னோரின் அறிவுக்குச் சான்று. வறுத்தலால் வித்திகள் பெரும்பாலும் மடியும். ஆனால் பூஞ்சணம் விட்டுச்சென்ற நஞ்சு வேறு கதை. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதே அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் உண்டாக்கும் அஃப்லாடொக்சின் கண்டறியப்பட்டது. ஈரலைத் தாக்கும் இந்நஞ்சு சாதாரண சமையற் சூட்டில் முற்றாக அழிவதில்லை. 1974இல் இராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்ட ஏழை மக்களுள் 397 பேர் நோயுற்றதாகவும் அவருள் 106 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. அவர்தம் மிச்சிலைத் தின்ற நாய்களும் மடிந்தன. பிளேவஸ் இனம் கஞ்சாவிலும் காணப்பட்டுள்ளது. ஆயின் இனம் இருப்பதும் நஞ்சு இருப்பதும் ஒன்றன்று. எண்ணெய் வித்தும் தானியமுமே அதற்கு உகந்த உணவு. கஞ்சாவில் நஞ்சு உண்டா இல்லையா என்பதை ஒவ்வொரு தொகுதியாகச் சோதித்தே துணிதல் கூடும். முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

பூஞ்சணம் படிந்ததை உதறி மீண்டும் வெயிலிற் காயவைத்தல் பொதுவான பழக்கம். காய்தல் வளர்ச்சியை நிறுத்துமேயன்றி வித்திகளை நீக்காது. உதறும்போது அவை உதறுபவரின் மூச்சிலேயே ஏறும். நெதர்லாந்தில் 2003 முதல் வைத்தியர் சீட்டின்படி மருந்தகங்களிற் கஞ்சா விற்கப்படுகின்றது. அங்கு நோயாளியின் நலங்கருதிக் காமாக் கதிர்களால் நுண்ணங்கிகளை அழிக்கின்றனர். அதுவும் முன்னரே உண்டான நஞ்சைப் போக்கமாட்டாது. எனவே பயிரை அறுத்த முதல் வாரத்தில் உலர்த்தும் முறையும், அதன்பின் ஈரத்தை அளந்து அடைக்கும் முறையுமே அங்கு முதற்காவலாகக் கொள்ளப்படுகின்றன. இங்கே வழக்குப் பொருளாகக் கைப்பற்றிய கஞ்சாவுக்கு அந்த முதல் வாரம் கடலுக்கு அப்பால், எவரும் காணாத இடத்தில், எப்போதோ கழிந்துவிட்டிருக்கும்.