குறுக்குவழியின் வாட் கணக்கு

ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு ரயில் தடத்தில், குப்பத்துக்கு அடுத்த நிலையம். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டு நிலம். செம்மண், இடையிடையே கருங்கல் பாறை. இந்த வட்டாரத்தில் பலருக்குப் பிழைப்பு ரயிலேறிப் போகும் ஊர்களில்தான். வீட்டிலிருந்து நிலையத்துக்கோ பஸ் நிற்கும் இடத்துக்கோ போக இரண்டு வழி இருக்கும். தார் ரோடு ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். ஏரிக்கரை, கொல்லைமேடு, மாட்டுவண்டித் தடம் என்று குறுக்கே போனால் பாதித் தூரம்தான்.

சைக்கிளில் போகிறவருக்கு இந்தக் குறுக்குவழி உண்மையிலேயே லாபமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார் ரோட்டில் டயருக்கும் தரைக்கும் உள்ள உருளல் உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.006. அதை வெல்ல 22 வாட் வேண்டும். காற்றைக் கிழித்துப் போக இன்னொரு 25 வாட். ஆக மொத்தம் 47. இளகிய மண் தடத்தில் கெழு 0.02 வரை ஏறலாம். அப்போது தரைக்கு மட்டுமே 74 வாட். காற்றையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 100. அதாவது 4 கிலோமீட்டர் தார் ரோட்டில் மிதிக்கிற உழைப்பும் 2 கிலோமீட்டர் மண்ணில் மிதிக்கிற உழைப்பும் ஏறத்தாழ ஒன்று. மிச்சமாவது 8 நிமிடம், வியர்வை மிச்சமில்லை.

இதே கணக்கைக் கொஞ்சம் மாற்றவும் முடியும். அதற்கான சாவி டயரில் இருக்கிறது.

சைக்கிள் கடைக்குப் போனால் டயரைக் கல்லு மாதிரி இறுக்கச் சொல்பவர்கள்தான் அதிகம். தார் ரோட்டுக்கு அது சரி. மண்ணில் நிலைமை வேறு. பின் சக்கரம் தாங்குவது 55 கிலோ என்றால், 60 பவுண்டு காற்றடித்த டயர் தரையில் பதியும் பரப்பு 13 சதுர சென்டிமீட்டர். 35 பவுண்டுக்கு இறக்கினால் அது 22 ஆகிவிடும். பதியும் இடம் அகலமானால் டயர் மண்ணுக்குள் புதைவது குறையும். புதைந்த டயர் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்துக்கொண்டே போகும்; ஒவ்வொரு கணமும் ஒரு சிறு மேட்டில் ஏறுகிற மாதிரிதான் அந்த மிதி. புதைவு குறைந்து கெழு 0.013 ஆனாலே 100 வாட் 73 ஆகிவிடும்.

மண் கெட்டியாக இருந்து மேடுபள்ளம் மட்டும் இருக்கும் தடத்தில் இன்னொரு செலவு உண்டு. வண்டி ஒவ்வொரு கல்லிலும் தூக்கிப் போடும்போது அந்த ஆற்றல் ஓட்டுகிறவரின் தொடைக்கும் முதுகுக்கும் போய், அங்கே தசைகளின் குலுக்கலில் வெப்பமாகக் கரைந்துவிடும். அமெரிக்காவின் 'பைசிக்கிள் குவார்ட்டர்லி' இதழைத் தொடங்கிய யான் ஹைனே இதை அளந்து காட்டினார். தூங்கிவழியும் ஓட்டுநர்களை உலுக்கி எழுப்ப நெடுஞ்சாலை ஓரத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதன் மேல் சைக்கிளை ஓட்டவைத்துப் பார்த்தபோது, பக்கத்திலேயே உள்ள வழவழப்பான ரோட்டைவிட மிக அதிகமான திறன் தேவைப்பட்டது. அகலமான, மெத்தென்ற டயரில் இந்த இழப்பு குறைந்தது.

பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் மாட்டியதும் கரடுமுரடான தரையில் குலுங்காமல் போவதற்காகத்தான். அதற்கு முன் சக்கரத்தைச் சுற்றி இருந்தது கெட்டி ரப்பர்.

இன்று பெருநகரக் கடைகளில் 'கிராவல் பைக்' என்று மண் பாதைக்கென்றே தனி ரகம் விற்கிறார்கள். அதன் லட்சணங்கள் என்று சொல்லப்படுவதில் பல, கறுப்பு நிறத்தில் ஒற்றைக் கியரோடு நம் ஊர்களில் ஓடிய பழைய வண்டியிலும் இருந்தன. 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், நீண்ட சட்டம், முன்பக்கம் நன்றாகச் சரிந்த ஃபோர்க்கு. பெரிய சக்கரம் குழியில் ஆழமாக விழாது. சரிந்த ஃபோர்க்கு கல்லில் மோதும்போது கைப்பிடியைப் பிடுங்காது. பால் கேனோ நிலக்கடலை மூட்டையோ கேரியரில் இருந்தாலும் வண்டி தள்ளாடாது. எடைதான் குறை, 20 கிலோவை ஒட்டி வரும். மேட்டில் இறங்கித் தள்ளவேண்டியிருப்பதற்குக் காரணம் அந்த எடையைவிட ஒற்றைக் கியர். 100-க்கு 3 என்ற லேசான ஏற்றமே 15 கிலோமீட்டர் வேகத்தில் கூடுதலாக 110 வாட் கேட்கும்.

இந்தப் பழைய வண்டியின் தர்க்கம் இலங்கை வழியாக ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, அமெரிக்கச் சைக்கிள் உதிரிபாக நிறுவனமான ஸ்ராமைச் சேர்ந்த எஃப்.கே. டே 2005-இல் 'வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்' என்ற அமைப்பைத் தொடங்கி, இலங்கையில் 24,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தார். பிழைப்புக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போவதற்கு அவை பயன்பட்டன. அடுத்து ஜாம்பியாவுக்குப் போனவர்கள், மண் பாதைக்கென்றே 'பஃபலோ' என்ற வண்டியை உருவாக்கினார்கள். கேரியர் 100 கிலோ தாங்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக். சேற்றில் மாட்டிக்கொள்ளவோ அறுந்துபோகவோ அதில் பிரேக் கம்பியே கிடையாது.

சேறு சாதாரண எதிரி அல்ல. 1897-இல் அமெரிக்க ராணுவத்தின் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் மொன்டானாவின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் சைக்கிளில் போனார்கள். பசைபோன்ற களிமண் சக்கரத்தை ஓடவிடாமல் செய்த இடங்களில் ரயில் தண்டவாளத்தின் கட்டைகள் மேலேயே வண்டியைக் கொண்டுபோனார்கள். இன்று இந்தியாவில் அப்படிச் செய்தால் அத்துமீறல் வழக்கு. குப்பம் பக்கத்துச் செம்மண்ணில் மணல் கலந்திருக்கும் இடங்களில் மழை விட்டதும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். ஏரி வண்டல் படிந்த பள்ளங்களில் மட்டும் மட்கார்டுக்குள் சேறு அடைத்துக்கொள்ளும்.

கோடையில் தொல்லை நெருஞ்சி. அதன் காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிளக்கும். ஒவ்வொரு துண்டிலும் கெட்டியான முட்கள். எப்படி விழுந்தாலும் ஒன்றாவது மேல்நோக்கி நிற்கும். காற்றை மிகவும் குறைத்தால் அதிலும் ஓர் ஆபத்து. கல்லில் மோதும்போது ரிம் டியூபை நசுக்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டுவிடும். ஆள் எடையையும் டயர் அகலத்தையும் பொறுத்து, ரிம் இடிக்காத அளவுக்கு மேல் கொஞ்சம் வைத்துக்கொள்வதே கைகண்ட வழி.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு கவலை யானை. 1980-களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து இங்கே கூட்டமாக வந்தவை தங்கிவிட்டன; 1990-இல் கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பயிருக்கு வரும் யானைகள் பெரும்பாலும் நடமாடுவது இரவிலும் விடியலிலும், அதாவது முதல் ரயிலைப் பிடிக்கக் கிளம்பும் நேரத்தில். டயரில் உரசிச் சுழலும் பழைய டைனமோ 6 வோல்ட், 3 வாட் வகை. மண் தடத்தில் வேகம் குறைந்தால் அதன் வெளிச்சமும் மங்கிவிடும், ஈரமான டயரில் வழுக்கவும் செய்யும். பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்குக்கு அந்தக் குறை இல்லை. யானை வந்திருப்பதாக வனத்துறை எச்சரித்த நாளில் விளக்கையும் நம்பாமல் தார் ரோட்டையே பிடிப்பது நல்லது. கூடுதலாவது 2 கிலோமீட்டர், 8 நிமிடம். மிதிக்கிற உழைப்பு கிட்டத்தட்ட அதேதான்.